குளிர்ந்த நீரும் வடிகட்டியின் நுண்ணுயிர்களும்

திருவண்ணாமலையில் குளிர்காலம் என்பது கார்த்திகை தீபத்தையொட்டித் தலைகாட்டி, தை மாதம் முடிவதற்குள் விடைபெற்றுவிடும் குறுகிய பருவமாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இவ்வூரில், மார்கழி விடியலில் கிரிவலம் வருவோர் சால்வை போர்த்திக்கொண்டாலும், காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. கோய்க் கெண்டை வளர்ப்பைப் பற்றிய நூல்களோ பெரும்பாலும் ஜப்பானையும் பிரிட்டனையும் அமெரிக்காவையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவையாதலால், அவற்றில் குளிர்காலம் என்பது குளத்தின் மேற்பரப்பில் பனிக்கட்டி படரும் காலத்தையே குறிக்கிறது. குளிர்ந்த நீரில் வடிகட்டியின் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் செயலிழந்துவிடும் என்று அந்நூல்கள் விடுக்கும் எச்சரிக்கை எந்த அளவுக்கு உண்மை, அது வெப்ப நாட்டுக் குளம் ஒன்றுக்கு எவ்வாறு பொருந்தும் என்பவற்றை இவ்வத்தியாயம் ஆராய்கிறது.

கெண்டையும் அதன் கழிவும்

கோய் எனப்படுவது சாதாக் கெண்டை மீனிலிருந்து, நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகையாகும். ஜப்பானின் நீகாத்தா மாநிலத்து மலைக்கிராமங்களில், நெல் வயல்களையொட்டி உணவுக்காகக் கெண்டை வளர்த்த உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிறவகைகளை உருவாக்கினர். 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பின்னரே அவை அந்நாடு முழுவதும் அறியப்பட்டன. சாதாக் கெண்டை தமிழகத்துக்கும் புதியதன்று. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட ஜெர்மானிய வகைக் கெண்டையே இந்தியாவில் குடியேற்றப்பட்ட முதல் சாதாக் கெண்டையாகக் கருதப்படுகிறது. சமவெளியின் வெப்பத்துக்கு ஏற்ற பாங்காக் வகை 1957-இல் கட்டாக்குக்கு வந்து சேர்ந்தது. ஒரே இனம் உதகையின் உறைபனிக் காலத்தையும் ஒடிசாவின் கோடையையும் தாங்குகிறது என்பதிலிருந்து, வெப்பநிலை மாற்றத்தில் முதலில் தடுமாறுவது மீனாக இருக்க வேண்டியதில்லை என்பதை உணரலாம்.

மீன் உண்ணும் புரதத்தில் உடல் வளர்ச்சிக்குப் பயன்பட்டது போக எஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதி, அம்மோனியா வடிவில் செவுள்களின் வழியே நேராக நீருக்குள் வெளியேறுகிறது. மீன்வளர்ப்புப் பொறியியலில் வழங்கும் கணக்கின்படி, தீவனத்தின் எடையைப் புரத விகிதத்தாலும், பின்னர் 0.092 என்னும் எண்ணாலும் பெருக்கினால், அத்தீவனத்திலிருந்து உண்டாகும் அம்மோனியா நைட்ரஜனின் அளவு கிடைக்கும். 35 விழுக்காடு புரதமுள்ள தீவனம் நாளொன்றுக்கு 100 கிராம் இடப்படும் 10,000 லிட்டர் குளத்தை எடுத்துக்கொண்டால், நாள்தோறும் சேரும் அம்மோனியா நைட்ரஜன் ஏறத்தாழ 3.2 கிராம், அதாவது லிட்டருக்கு 0.32 மில்லிகிராம் ஆகும். அதை அகற்ற எதுவும் இல்லையெனில், மூன்றே நாளில் அளவு 1 மில்லிகிராமை எட்டிவிடும். கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் நீரிலும் இந்த நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், கசடைப் பிடிக்கும் பஞ்சும் மணலும் மட்டும் வடிகட்டிக்குப் போதுவதில்லை.

மணல் குழாயில் வெளிப்பட்ட உண்மை

அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதை நீண்ட காலம் அறிஞர்கள் வெறும் வேதிவினையாகவே எண்ணியிருந்தனர். 1877-இல் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டனர். முதல் இருபது நாட்களுக்கு அம்மோனியா மாற்றமின்றி வெளிவந்தது. அதன் பின்னர் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குழாயினுள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோனது. ஆவியை அகற்றி, சிறிதளவு தோட்ட மண் கரைத்த நீரைச் சேர்த்தபோது அது மீண்டும் தொடங்கியது. மயக்கமருந்துக்கு அடங்கி, மண்ணால் மீளும் வினை உயிர்களின் வேலையாகத்தான் இருக்க முடியும் என்று அவர்கள் முடிவு செய்தனர். ரஷ்ய அறிஞர் விநோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிச் சூரிச் நகரில் அந்த உயிர்களைத் தனித்துப் பிரித்தெடுத்து, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது மற்றொரு கூட்டம் என்று காட்டினார். இவ்விரு படிகளும் சேர்ந்தே நைட்ரேட்டாக்கம் எனப்படுகின்றன.

மீன் வளர்ப்போர் ‘பயோ ஃபில்டர்’ என்று அழைக்கும் உயிர்வடிகட்டி, அந்தக் கண்ணாடிக் குழாயின் பெரிய வடிவமே. தூரிகைகள், பிளாஸ்டிக் வளையங்கள், எரிமலைக் கற்கள் என அதனுள் எதை இட்டாலும், அதன் பணி நுண்ணுயிர்கள் ஒட்டி வாழப் பரப்பளவு தருவதுதான். சில மாதங்கள் ஓடிய வளையம் ஒன்றைக் கையிலெடுத்துத் தடவினால், வழுவழுப்பான பழுப்புநிறப் பூச்சு விரலில் உணரப்படும். மில்லிமீட்டரில் சிறு பங்கே தடிப்புடைய இந்த உயிர்ப்படலத்தில், நீரையொட்டிய மேலடுக்குக்கு மட்டுமே ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கிறது; ஆழ்ந்த அடுக்குகளில் வாழ்பவை மேலடுக்கு விட்டுவைத்த மிச்சத்தைக் கொண்டே காலம் தள்ளுகின்றன.

இப்படலத்தில் வாழ்வோர் பட்டியல் அண்மைக் காலத்தில் மிகவும் நீண்டுள்ளது. அம்மோனியாவை ஆக்ஸிஜனேற்றும் நைட்ரோசோமோனஸ், நைட்ரைட்டை ஆக்ஸிஜனேற்றும் நைட்ரோபாக்டர் என்ற பழைய இணைக்கு அப்பால், நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைப் பெரும்பாலும் நைட்ரோஸ்பைராவே செய்கிறது என்பது 1990-களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா என்னும் தொல்லுயிர்களும் அம்மோனியாவை உண்ண வல்லவை என்பது 2005-இல் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட முதல் ஆர்க்கியா கிடைத்த இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத் தொட்டி ஆகும். இரு படிகளையும் ஒற்றை உயிரே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் 2015-இல் இரு ஆய்வுக் குழுக்களால் ஒரே நேரத்தில் அறிவிக்கப்பட்டன: ஒன்று காகசஸ் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று வெந்நீர்க் குழாயிலிருந்தும், மற்றது மீன் வளர்ப்பு வடிகட்டியிலிருந்து வளர்த்தெடுத்த நுண்ணுயிர்க் கூட்டத்திலிருந்தும் வந்தது. வெப்பநிலை மாறும்போது இக்கூட்டத்தில் ஒன்று தளர, வேறொன்று தலையெடுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், வடிகட்டியை ஒரே வகை பாக்டீரியாவின் குடியிருப்பாகக் கருதி அதன் வாழ்வையும் சாவையும் கணிப்பது பிழையாகும்.

குளிர் செய்வது என்ன

உயிரின் ஒவ்வொரு வேதிவினையையும் நொதிகள் எனப்படும் புரதங்கள் விரைவுபடுத்துகின்றன. வெப்பம் குறையும்போது மூலக்கூறுகளின் இயக்கம் தளர்வதால் நொதிகளின் வேகமும் குறைகிறது. பொதுவான அளவுகோலாக, வெப்பநிலை 10 டிகிரி குறையும்போது நுண்ணுயிரின் செயல்வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது எனக் கொள்ளலாம். நைட்ரேட்டாக்கம் செய்யும் உயிர்கள் 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் சிறப்பாக இயங்குகின்றன. 28 டிகிரியில் உள்ள வேகத்தை முழு அளவாகக் கொண்டால், 23 டிகிரியில் அது பத்தில் ஏழு பங்காகவும், 18 டிகிரியில் பாதியாகவும், 8 டிகிரியில் காலாகவும் குறையும். 10 டிகிரிக்குக் கீழே சரிவு இன்னும் செங்குத்தாவதற்கு, உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வு குளிரில் இறுகி, உணவு உள்ளே நுழைவதையே கடினமாக்குவதும் ஒரு காரணமாகும்.

இத்தனை தளர்ந்தாலும் அவை பெரும்பாலும் மடிவதில்லை. குளிர் அவற்றின் வருவாயைக் குறைக்கும்போதே, உடலைப் பேணும் செலவையும் உடன் குறைத்துவிடுகிறது. ஆகவே, உறையாத நீரில் ஆக்ஸிஜன் கிடைக்கும் வரை உயிர்ப்படலம் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது. உண்மையான இழப்பு பெருக்கத்தில்தான் உள்ளது. இவ்வுயிர்கள் அம்மோனியாவையே எரிபொருளாகக் கொண்டு, கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்டும் தன்னூட்ட உயிரிகளாதலால், ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை ஆக்ஸிஜனேற்றினாலும் 0.2 கிராமுக்கும் குறைவான உயிர்ப்பொருளையே ஈட்டுகின்றன. சமையலறைக் கழிவில் வளரும் பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிக்கும் வெப்பத்தில், இவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது; குளிர்ந்த நீரில் அந்த ஒரு நாள் பல நாட்களாக நீள்கிறது. ஆகவே குளிர்காலத்தில் புதிதாக அமைத்த வடிகட்டியும், குழாய்நீரின் குளோரினால் கழுவப்பட்ட வடிகட்டியும் நிலைபெற நெடுங்காலம் எடுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே முதிர்ந்த வடிகட்டியோ அதே குளிரில் மெதுவாகவேனும் பணிபுரிகிறது.

முதிர்ந்த வடிகட்டிக்குச் சாதகமான மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்ஸிஜன் தேவை. நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் 30 டிகிரியில் லிட்டருக்கு 7.6 மில்லிகிராமாகவும், 20 டிகிரியில் 9.1 ஆகவும், 10 டிகிரியில் 11.3 ஆகவும் இருப்பதால், குளிர்ந்த நீர் படலத்தின் ஆழ்ந்த அடுக்குகளுக்கும் காற்றூட்டுகிறது. ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டில் இயங்கும் வடிகட்டிகளில், 14 முதல் 27 டிகிரி வரையிலான வெப்பநிலை வேறுபாடு நைட்ரேட்டாக்க வேகத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று ஜு, சென் என்னும் ஆய்வாளர்கள் 2002-இல் காட்டியுள்ளனர். ஒவ்வோர் உயிரணுவும் தளர்ந்தாலும், முன்பு சும்மா கிடந்த அணுக்கள் வேலைக்கு வருவதால், மொத்த வேலை அந்த அளவுக்குக் குறைவதில்லை.

மீனும் நஞ்சும் குளிரில்

குளிர் வடிகட்டியை மட்டும் தளர்த்துவதில்லை. கெண்டை குளிர்குருதி விலங்காதலால், நீர் குளிரும்போது அதன் பசியும் செரிமானமும் குறைந்து, அம்மோனியா வெளியேற்றமும் குறைகிறது. 10 டிகிரிக்குக் கீழே வளர்ப்போர் பொதுவாகத் தீவனமிடுவதையே நிறுத்திவிடுகின்றனர். மேலும், நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் ஒரே அளவு நஞ்சுடையதன்று. அது மின்னூட்டமற்ற அம்மோனியா, மின்னூட்டமுள்ள அம்மோனியம் என இரு வடிவங்களில் நிற்கிறது. செவுளை ஊடுருவிக் கேடு செய்வது முதல் வடிவமே. பி.எச். 8 ஆக உள்ள நீரில் இந்நச்சு வடிவத்தின் பங்கு 30 டிகிரியில் 7.5 விழுக்காடாகவும், 20 டிகிரியில் ஏறத்தாழ 4 விழுக்காடாகவும், 10 டிகிரியில் 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளது. எனவே, அம்மோனியா சோதனைப் பெட்டியில் தெரியும் ஒரே நிறம், சித்திரையில் காட்டும் ஆபத்தில் ஏறத்தாழப் பாதியையே மார்கழியில் காட்டுகிறது.

அப்படியானால் குளிர்நாடுகளில் மீன்கள் துன்புறுவது ஏன் என்ற வினாவுக்கு விடை, குளிர் மிகும் நாளில் அன்றி, அது விலகும் நாட்களில் கிடைக்கிறது. பனி உருகி நீர் வெதுவெதுப்பாகும்போது மீனின் பசி சில நாட்களிலேயே மீள்கிறது. மாதக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்து மெலிந்த நுண்ணுயிர்க் கூட்டம் மீண்டும் பெருகுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் முதலில் அம்மோனியாவும் பின்னர் நைட்ரைட்டும் ஏறுகின்றன. நைட்ரைட் செவுள் வழியே குருதியில் கலந்து, ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் ஏந்த இயலாத வடிவமாக்கிச் செவுளைப் பழுப்பு நிறமாக்குகிறது. நைட்ரைட்டும் குளோரைடும் செவுளில் ஒரே வழியாக நுழையப் போட்டியிடுவதால், அயோடின் சேர்க்காத கல்லுப்பை லிட்டருக்கு 1 கிராம் அளவில் கரைப்பது மீனுக்குத் தற்காலிகக் காப்பாகிறது.

திருவண்ணாமலைக் குளத்தின் கணக்கு

இரவில் வானம் தெளிந்திருக்கையில் குளத்தின் மேற்பரப்பு, சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் வெப்பத்தை இழப்பதாகக் கொண்டால், பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தின் நீர் ஏறத்தாழ 1 டிகிரி மட்டுமே குளிர்கிறது. முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டியிலோ அதே இழப்பு 3 டிகிரிக்கு மேற்பட்ட வீழ்ச்சியாகிறது. திருவண்ணாமலையின் இரவுக் காற்றே 20 டிகிரியை ஒட்டி நிற்பதால், ஆழமான குளத்தின் நீர் நைட்ரேட்டாக்கம் தடுமாறும் 10 டிகிரியை நெருங்கும் வாய்ப்பே இல்லை. மார்கழியில் வடிகட்டி இழப்பது, மேற்கண்ட அளவுகோலின்படி, கோடை வேகத்தில் மூன்றில் ஒரு பங்களவே. ஆக்ஸிஜன் கூடுவதால் அந்த இழப்பின் ஒரு பகுதியும் ஈடாகிறது. தமிழகத்தில் குளிர்நாட்டு நூல்களின் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டிய இடம் உறைபனி விழும் நீலகிரி போன்ற மேட்டுநிலமே ஆகும்.

இருந்தும் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் மீன்கள் சோர்வது உண்டு; அப்போது பழி எளிதில் குளிரின் மேல் விழுகிறது. அதே மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை வேதிநோக்கில் ஆராய்ந்தால் வேறொரு காரணம் புலப்படும். நைட்ரேட்டாக்கம் அமிலத்தை உண்டாக்கும் வினையாதலால், ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் 7.14 கிராம் சுண்ணாம்புக் காரத்தன்மையை விழுங்குகிறது. காரத்தன்மை என்பது நீரிலுள்ள பைகார்பனேட் உப்புகள் அமிலத்தைத் தாங்கும் திறன். முற்கூறிய 10,000 லிட்டர் குளம் நாள்தோறும் இதில் 23 கிராமை, அதாவது லிட்டருக்கு 2.3 மில்லிகிராமை இழக்கிறது. இப்பகுதியின் கடினப்பாறையில் தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் காரத்தன்மை மிக்கது; மழைநீரிலோ அது அநேகமாக இல்லை. அடைமழையில் கூரைநீர் பெருகி, காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமாக இறங்கிவிட்ட குளத்தில், எஞ்சிய இருப்பு மூன்று வாரங்களில் கரைந்துபோகும். பின்னர் பி.எச். 7-க்குக் கீழே சரிய, நுண்ணுயிர்கள் குளிரில் அன்றி அமிலத்தில் தளர்கின்றன.

இந்நிலையில் அம்மோனியா சேர்ந்தாலும், பி.எச். குறைவாக உள்ள வரை அது பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாகவே நிற்பதால், மீன்கள் வாட்டமின்றி நீந்துகின்றன. நீர் பழசாகிவிட்டது என்று எண்ணி ஒருவர் கிணற்று நீரைப் பெருமளவில் பாய்ச்சும்போதுதான் விபரீதம் நேர்கிறது: 25 டிகிரியில் பி.எச். 6.5 ஆக இருக்கையில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த நச்சு வடிவம், பி.எச். 8 ஆனதும் 5 விழுக்காட்டைத் தாண்டி, முப்பது மடங்காகிவிடுகிறது. நல்ல நீர் மாற்றிய அன்றே மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதன் காரணம் இதுவே. நாளொன்றுக்கு 40 கிராம் ஆப்ப சோடா, இக்குளத்தின் அன்றாடக் காரத்தன்மை இழப்பை ஈடுசெய்யப் போதுமானது.

குளிர்நாட்டு நடைமுறைகளை அப்படியே பின்பற்றுவதும் கேடு விளைவிக்கும். மேற்பரப்பு உறையும் நாடுகளில், அடியில் தங்கும் 4 டிகிரி நீரைக் கலக்காதிருப்பதற்காக அருவியையும் மோட்டாரையும் நிறுத்துவது உண்டு. 22 டிகிரி நீரில் மோட்டாரை இரவெல்லாம் நிறுத்தினால், வடிகட்டிக்குள் தேங்கிய நீரின் ஆக்ஸிஜனைப் படலமும் கசடும் சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகின்றன. குளிர் கொல்லாத உயிர்களை மூச்சுத்திணறல் கொன்றுவிடுகிறது. நெடுநேர மின்வெட்டின் விளைவும் இதுவேயாதலால், மின்சாரம் திரும்பியதும் முதலில் வரும் கறுத்த நீரைக் குளத்துக்குள் விடாமல் வெளியேற்றுவது நல்லது.

வடிகட்டி இல்லாத குளங்கள்

அருணாசலேசுவரர் கோயிலின் சிவகங்கைத் தீர்த்தம், ஆயிரங்கால் மண்டபத்தோடும் ராஜகோபுரத்தோடும் கிருஷ்ணதேவராயரின் காலத் திருப்பணியாக அறியப்படுவது. இத்தகைய திருக்குளங்களுக்கு மோட்டாரோ வளையங்களோ இல்லாவிடினும், நீருக்குள் மூழ்கிய கருங்கற்படிகளில் படியும் வழுவழுப்பே அவற்றின் உயிர்வடிகட்டி ஆகும். அதில் நைட்ரேட்டாக்க உயிர்கள் பாசியோடு சேர்ந்து வாழ்கின்றன. பாசி அம்மோனியாவை நேரடியாகவும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் பாசி மிகுந்து நீர் பச்சையாகும்போது, அது பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். பிற்பகலில் 9-ஐ எட்டக்கூடும். அந்நிலையில், 25 டிகிரியில் அம்மோனியாவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். பக்தர்கள் இடும் பொரியும் விழாக்காலப் பூமாலைகளும் அழுகும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்காக நைட்ரேட்டாக்க உயிர்களோடு போட்டியிட்டு, விரைவாகப் பெருகும் ஆற்றலால் அவற்றைப் பின்தள்ளுகின்றன. இவ்விரு தொல்லைகளும் வெயிலில் கூர்மையடைகின்றன. மார்கழி நீரோ கூடுதல் ஆக்ஸிஜனால் அவற்றைத் தணிக்கிறது.

வளர்ப்போர்க்கான நெறி

இவ்வூர்க் கோய்க் குளத்தின் குளிர்காலப் பராமரிப்பு, நீருக்குள் வைத்த வெப்பமானியின் அளவைக் கொண்டே அமைய வேண்டும். நீர் 20 டிகிரிக்கு மேலிருக்கும் வரை வழக்கமான தீவனத்தைச் சற்றே குறைத்தால் போதும். ஆழமற்ற தொட்டிகளில் அது 18 டிகிரியை நெருங்கினால் தீவனத்தைப் பாதியாக்கி, நீர் வெப்பமடைந்த நண்பகலில் இடுவது பொருத்தமாகும். புதிய வடிகட்டியை மழைக்கு முன் ஆவணியிலேயே தொடங்கி, முதிர்ந்த வடிகட்டியிலிருந்து சில வளையங்களை எடுத்து அதில் இட்டால், கடையில் விற்கும் பாக்டீரியா புட்டியை நம்பியிருக்க வேண்டியதில்லை. வளையங்களைக் கழுவ நேர்ந்தால் குளத்து நீரிலேயே அலச வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அம்மோனியாவோடு காரத்தன்மையையும் பி.எச். அளவையும் சோதித்து, நீர் மாற்றுவதற்கு முன் அம்மோனியா இருப்பது தெரிந்தால், ஒரே நாளில் பாதிக் குளத்தை மாற்றாமல் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மாற்றுவதே பாதுகாப்பானது. இவ்வாறு மார்கழியைக் கடந்த வடிகட்டி, பங்குனி வெயிலில் பசி மிகுந்த மீன்களை முழு வலுவோடு எதிர்கொள்ளும். ஆக்ஸிஜன் குறைந்து அம்மோனியாவின் நஞ்சு கூடும் அந்த மாதங்களே இவ்வூர்க் குளங்களுக்கு ஆண்டின் கடினமான காலம் என்பதால், குளிர்காலத்தில் செய்யத்தக்க சிறந்த பணி கோடைக்கான கூடுதல் காற்றூட்டியைப் பொருத்திவைப்பதாகும்.